கப்பு எந்தத் தேதிக்கு வருது, நைனா?

ஏம்பா பசங்களா, கப்பு எந்தத் தேதிக்கு வருதுன்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும். கவரைப்பேட்ட ஸ்டேஷன்ல எறக்கி, மேளம் அடிச்சிக்கினு ஊருக்குள்ள இட்டாரணும்னா ரெண்டு நாளாவது அவகாசம் வாணாமா? தமிழ் தலைவாஸ் 2017-ல புரோ கபடிக்குள்ள வந்தது. அன்னிலேருந்து ஒவ்வொரு சீசனுக்கு முன்னாடியும் இந்த டீக்கடை பெஞ்சுல ஒக்காந்து அவங்களுக்குக் கப்ப ஜெயிச்சிக் குடுத்துக்கினுதான் கீறீங்க. ஜெயிக்காதது ஆடப்போன எடத்துல மட்டுந்தான்.

சிப்காட் பஸ்சு வர்ற வரைக்கும் நீங்க போடற கணக்கெல்லாம் பக்கத்துல ஒக்காந்து நானும் கேட்டுக்கினுதான் கீறேன். பெரிசுக்குக் காது மந்தம்னு நெனச்சிக்கினு பேசறீங்க. அது எனக்கு வேண்டியப்ப மட்டும் வர்ற மந்தம், கண்ணு. நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்த தம்பி ஒருத்தன், டீ சிந்தின மேசையில வெரலால கோடு இழுத்து மைதானம் போட்டான். நடுக்கோடு, போனஸ் கோடு, ரெண்டு பக்கமும் லாபி, எல்லாம் கச்சிதம். ரைட் கார்னருக்கு டீ கிளாசு, லெஃப்ட் கார்னருக்குத் தீப்பெட்டி, ரெண்டு கவருக்கும் ரெண்டு செல்போனு. ரெய்டரு ஒரு பொறை. பொறை உள்ள போச்சு, போனஸ் எடுத்துச்சு, தீப்பெட்டியத் தொட்டுச்சு, திரும்பி வந்துச்சு. ரெண்டு பாயிண்டுன்னு கையத் தூக்கினான். எதிர்ல கீறவன் அந்தப் பொறைய எடுத்து டீயில நனச்சித் தின்னுட்டுப் போயே போயிட்டான்.

அத்தோட வுட்டிருப்பேன். ஆனா அந்தப் போனஸ் எனக்கு உறுத்துது. எதிர்ல ஆறு பேராவது நின்னாத்தான் நைனா போனஸு. உன் மேசையில நின்னது கிளாசையும் தீப்பெட்டியையும் சேத்தா நாலே பேரு. இல்லாத பாயிண்ட எடுத்துத்தான் ஒவ்வொரு வருஷமும் ஃபைனலுக்குப் போறீங்கன்னு அப்பத்தான் எனக்கு வெளங்கிச்சு.

கோவிச்சிக்காதீங்க. பழைய வரவு செலவ ஒரு தடவ பாத்துடுவோம். புதுக் கணக்குத் தொறக்கறதுக்கு முன்னாடி அது வழக்கந்தான்.

2017. மொதலாளிங்கள்ல ஒருத்தர் டெண்டுல்கரு. விளம்பரத் தூதரு கமலஹாசன். கேப்டன் அஜய் தாக்கூர். அதுக்கு மொத வருஷந்தான் அகமதாபாத் உலகக்கோப்ப ஃபைனல்ல ஈரான்காரங்க மேல 12 பாயிண்டு எடுத்து இந்தியாவ ஜெயிக்க வச்ச ஆளு. கோச்சு நம்ம காசிநாதன் பாஸ்கரன். இதுக்கு மேல இன்னா வேணும்? ஒண்ணியும் வாணாம்னுட்டு அவங்க பிரிவுலயே கடைசியில போயி ஒக்காந்தாங்க.

2018. மொத ஆட்டமே நம்ம நேரு உள்விளையாட்டரங்கத்துல. தொடர்ந்து மூணு தடவ கப்படிச்ச பாட்னாவ 42-26-ன்னு அடிச்சி நொறுக்கினாங்க. அன்னிக்கு ராத்திரி சென்ட்ரல்லேருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில வந்தவங்க போட்ட விசில்ல பொன்னேரிக்காரங்க தூக்கம் கெட்டிருக்கும். சீசன் முடிஞ்சப்ப மறுபடியும் பிரிவுலயே கடைசி.

2019. இப்பத்தான் பாரு, நெஜமாவே கணக்கு பலமா இருந்துச்சு. அஜய் தாக்கூருக்குத் தொணையா 94 லட்சத்துக்கு ராகுல் சௌத்ரிய வாங்கினாங்க. மஞ்சீத் சில்லரும் கூடவே கீறாரு. மூணு பேருமே பேரக் கேட்டாலே எதிராளி ஒதுங்கற ஆளுங்க. பெஞ்சே ரெண்டா ஒடையற அளவுக்குக் குதிச்சீங்க. மொத்தம் 12 அணி. நமக்கு 12-வது எடம்.

சூப்பர் கிங்ஸுக்குக் கடைசி எடம்னா எப்பிடி இருக்கும்னு 2025-லதான் தெரிஞ்சிது. அதுக்கே மஞ்சச் சட்டைய மடிச்சி பீரோவுல வச்சிட்டு அழுதவங்க எத்தினி பேரு! நாம அந்தப் பாடத்த மூணு வருஷம் தொடர்ந்து படிச்சி மனப்பாடம் பண்ணிட்டோம். இந்த விசயத்துல தோனி ரசிகருங்களுக்கு நாமதான் வாத்தியாரு.

அடுத்த சீசன்ல 11-வது எடம். ஒரு படி ஏறிட்டோம்னு கேக்கு வெட்டினீங்க. நானும் ஒரு துண்டு தின்னேன், பொய் சொல்லல.

இப்போ 2022-க்கு வா. என் பேச்சே அங்கதான் கீது. அந்த ஏலத்துல பவன் ஷெராவத்த 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தாங்க. அதுவரைக்கும் கபடியில அந்த வெல எவனுக்கும் போனதில்ல. அக்டோபர் மாசம் மொத ஆட்டம், எதிர்ல குஜராத்து. பாதி ஆட்டம் கூட முடியல, ஒருத்தரப் புடிக்கப் போயி பவனுக்கு முழங்கால் போச்சு. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிக்கினு போனாங்க. அந்த சீசன்ல அத்தோட அவர் வரவே இல்ல. அன்னிக்கு நீங்க மொகத்தத் தொங்கப் போட்டுக்கினு, "தாத்தா, எல்லாம் போச்சு"ன்னு வந்தீங்க. சீசன் நடுவுல கோச்சும் மாறினாரு. உதயகுமார் போயி அஷன் குமார் வந்தாரு. எல்லாம் போச்சுன்னுதான் ஊரே நெனச்சிது.

இன்னா ஆச்சு? நரேந்தர்னு பேரு தெரியாத ஒரு பையன், மொத சீசன் ஆடறவன், ரெய்டுல 243 பாயிண்டு எடுத்தான். அஜிங்க்யா பவார் அவனுக்குத் தோள் குடுத்தான். பின்னால கார்னர்ல சாகரும் சாஹிலும், கவர்ல மோஹித்தும் நம்ம அபிஷேக்கும் நின்னாங்க. எலிமினேட்டர்ல உ.பி.யோட 36-36 சமமாப் போயி, டைபிரேக்கர்ல ஜெயிச்சாங்க. செமிஃபைனல்ல புனேகிட்ட 37-39-ன்னு ரெண்டே பாயிண்டுல தோத்தாங்க. எட்டு சீசன்ல நாம செமிஃபைனல் பாத்தது அந்த ஒரு தடவதான். கோடி ரூவா ஆளு ஆஸ்பத்திரியில கீறப்ப!

இத்தச் சொன்னா நீங்க இன்னா சொல்றீங்க? "பவனும் இருந்திருந்தா கப்பே அடிச்சிருப்போம் தாத்தா"ன்றீங்க. இருந்திருந்தா அந்த நரேந்தரு பெஞ்சுல ஒக்காந்து தண்ணி பாட்டில் நீட்டிக்கினு இருந்திருப்பானோ இன்னாவோ, யாரு கண்டா? ஒத்த ஆள நம்பாதன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

கொஞ்சம் கிட்ட வா, ஒண்ணு காட்டறேன். நீங்கல்லாம் டிவியில ரெய்டர மட்டும் பாக்கறீங்க. தொடைய தட்டறான், மீசைய முறுக்கறான், பாடிக்கினு போறான், கேமராவும் அவன் பின்னாலயே போவுது. அடுத்த தடவ அவன வுட்டுட்டு, ஓரத்துல நிக்கற கார்னர் ஆளோட கையப் பாரு. பக்கத்துல நிக்கறவன் கைய அவன் கோத்துக்கினு கீறான் இல்ல, அந்தப் புடி எப்ப இறுகுதுன்னு பாரு. ரெய்டர் போனஸ் கோட்டுக்குக் கால நீட்டறான். புடி இறுகுது. "நான் பாயறேன், நீ பின்னால வா"ன்னு வாயால சொல்ல நேரம் ஏது? கை சொல்லிடும். கார்னர்காரன் கணுக்கால்ல விழறான். கவர்காரன் ஓடியாந்து இடுப்புல மோதறான். ரெய்டர் நாலு பேர இஸ்துக்கினு நடுக்கோட்டுக்கு ஒரு முழம் வரைக்கும் வந்துர்றான். அங்க இன்னொரு ஆளு மேல வந்து வுழணும். இதுல ஒருத்தன் அரை நொடி முந்திப் பாஞ்சா ஒரு பாயிண்டு போச்சு. அரை நொடி பிந்தி வந்தா, தொட்டவன் அத்தினி பேரும் அவுட்டு, நாலு பாயிண்டு போச்சு.

அந்த அரை நொடிய ஏலத்துல விக்கறதில்ல கண்ணு. ஒரே மண்ணுல ஒருத்தன் மேல ஒருத்தன் வுழுந்து எழுந்து, ஒரே சோத்துப் பானையில தின்னு வளந்தாத்தான் அது வரும். வருஷா வருஷம் ஆள மாத்திக்கினே இருந்தா, அவன் கை சொல்றது இவன் கைக்கு வெளங்கறதுக்குள்ள லீக்கு முடிஞ்சிடும்.

இங்க ஒரு காலேஜ் பையன் மடக்கறான். "தாத்தா, 2022-க்கு அடுத்த சீசன்ல அதே கார்னரு, அதே கவருதான? அப்போ ஏன் 9-வது எடம்?" சபாஷ், கேள்வி சரிதான். பின்னால சுவரு நல்லா இருந்தாலும் முன்னால அடி வாங்கிக்கினே இருந்தா எத்தினி நாளு நிக்கும்? ரெண்டு ரெய்டு வெறுங்கையோட வந்துட்டா மூணாவது ரெய்டு செத்தாலும் பொழைச்சாலும் பாயிண்டு எடுத்தாவணும். அந்த மூணாவதுக்குத் தெனமும் ஒரே ஆளத் தள்ளிவிட்டா அவனும் மனுசந்தான? ஒத்த ஆள நம்பாதன்னு நான் சொன்னது புடிக்கறவனுக்கும் சேத்துத்தான். அதுவுமில்லாம, கப்பு வரும்னு நான் எப்பனா சொன்னேனா? அது உங்க டிபார்ட்மெண்டு.

2024-ல சச்சின் தன்வரு, 2 கோடியே 15 லட்சம். அந்த ஏலத்துலயே பெரிய வெல அதுதான். மறுபடி 9-வது எடம். 2025-ல அர்ஜுன் தேஷ்வால 1 கோடியே 40 லட்சத்துச் சொச்சத்துக்கு எடுத்தாங்க. பழைய பவனையே 59 லட்சத்து 50 ஆயிரத்துக்குத் திரும்பக் கூட்டியாந்து கேப்டன் ஆக்கினாங்க. உங்களுக்குத் தல கால் புரியல. விசாகப்பட்டினத்துல மொத ஆட்டமும் தெலுங்குக்காரங்கள 38-35-ன்னு ஜெயிச்சிட்டாங்க. சூளூர்பேட்ட பக்கத்துலேருந்து வர்ற பசங்கள அன்னிக்கு நீங்க டீ குடிக்க வுடல. கொஞ்ச நாள்ல, ஒழுங்குப் பிரச்சினைன்னு அணி சொல்லிச்சு, அப்பிடி ஒண்ணுமில்லன்னு பவன் சொன்னாரு, சீசன் பாதியில கேப்டன் வீட்டுக்குப் போயிட்டாரு. யாரு பக்கம் நியாயம்னு எனக்குத் தெரியாது. அதுல பஞ்சாயத்து பண்ண நான் ஆளில்ல. மொத எட்டு எடத்துக்குள்ள வந்தாலே அடுத்த சுத்து உண்டுன்னு வழிய அகலமாத் தொறந்து வச்சிருந்தாங்க. அந்த வழியிலயும் நாம நுழையல.

அடுத்து நம்ம பெஞ்சோட பெரிய சண்ட. "பேரு தமிழ் தலைவாஸு, ஆடறவன்லாம் ஹரியானாக்காரன். நம்ம பசங்க எங்க?" இத்தக் கேக்கறப்ப ஒங்க மூஞ்சியில வர்ற கோவம் எனக்குப் புடிக்கும். நியாயமான கோவந்தான். ஆனா அந்தக் கோவத்த சிப்காட்டு ஷிஃப்ட் வண்டியில ஒங்க பக்கத்துல ஒக்காந்து வர்ற பீகார்ப் பையன்கிட்ட ஒரு நாள் சொல்லிப் பாரு. அவன் சிரிப்பான். ஏன் தெரியுமா? 2016-ல அவன் ஊரு பாட்னா கப்படிச்சப்ப அத்தக் கையில வாங்கின கேப்டன் தர்மராஜ் சேரலாதன், நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளு. அப்பவே வயசு நாப்பதத் தாண்டிருச்சு. 2014-ல மொத மொதல்ல ஜெய்ப்பூர் கப்படிச்சப்ப அவங்களுக்குக் கோச்சு யாரு? அதே பாஸ்கரன்தான். நம்மாளு வெளியூருக்குப் போயி ஜெயிச்சிக் குடுக்கறான். வெளியூரான் நம்மூருக்கு வந்து தோத்துக் குடுக்கறான். கொடுக்கல் வாங்கல்ல நாமதான் எப்பவும் தாராளம்.

நம்ம பசங்க இல்லாமலும் இல்ல. 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கம் வாங்கியாந்தாங்க. கண்ணகி நகர்னா ஊர்ல சில பேரு மூக்கச் சுளிப்பாங்க. அந்தப் பொண்ணு கழுத்துல தங்கத்தோட எறங்கினப்ப அந்த மூக்கெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. அதே மாசந்தான் தீபாவளிக்கு 'பைசன்' வந்துச்சு. மணத்தி கணேசன் வாழ்க்கைய வச்சி எடுத்த படம்; 1994 ஹிரோஷிமா ஏசியாடுல தங்கம் வாங்கின அணியில இருந்தவரு, பின்னாடி அர்ஜுனா விருதும் வாங்கினவரு. படம் பாத்துட்டு வந்த மறுநாளு இந்தப் பெஞ்சுல அத்தினி பேரும் கபடிக் கோச்சு ஆயிட்டீங்க. 'கில்லி' திரும்ப ரிலீசானப்பயும் இப்பிடித்தான் ஆனீங்க. படத்துக்குப் படம் வீரம் வருது, வேட்டிய மடிச்சிக் கட்ட மட்டும் ஒருத்தனுக்கும் வரல.

ஒண்ணு சொல்றேன், மனசுக்கு ஆறுதலா இருக்கும். ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பக்கம் ஒரு பந்தாட்டம் கீது. முட்ட மாதிரி பந்து. காலால ஒதைக்கலாம், கையால புடிக்கலாம், ஒருத்தன் தோள் மேல ஒருத்தன் ஏறியும் புடிக்கலாம். அதுல செயின்ட் கில்டான்னு ஒரு அணி. நூறு வருஷத்துக்கு மேல ஆடறாங்க. கப்படிச்சது ஒரே தடவ, 1966-ல, அதுவும் ஒத்தப் பாயிண்டுல. கடைசி எடம் வந்தது 27 தடவ. அந்த லீக்குல அதான் ரெக்கார்டு. ஆனா ஒவ்வொரு மார்ச் மாசமும் புது சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அங்கயும் ரசிகருங்க கூடி, இந்தத் தடவ பின்வரிசை பலமா கீது, புதுப் பையன் பிரமாதம்னு மணிக்கணக்கா அடிச்சிக்கறாங்க. நாம எட்டே சீசனுக்கு இப்பிடி அலுத்துக்கறோம். அவங்ககிட்டப் போயி டியூஷன் படிக்கணும். ஆனா அங்க ஒரு நல்ல ஏற்பாடு கீது: கடைசி வந்த அணிக்கு, அடுத்த வருஷம் புதுசா வர்ற எளசுங்கள்ல மொத ஆள எடுக்கற உரிம. அதாவது, தோத்தவனுக்குப் பணத்தத் தர்றதில்ல. ஒரு சின்னப் பையனக் குடுத்து, பொறுமையா வளத்துக்கோன்னு சொல்றாங்க. நம்மாளுங்க காதுல இந்த ஒண்ணு வுழுந்தாப் போதும்.

சரி, பெரிசு இன்னாதான் சொல்லுதுன்னு மொறைக்கறீங்க. பதிமூணாவது சீசனுக்கு என் யோசன இதுதான், காசு வாணாம்.

ஏலத்துல எத்தினி கோடின்னு எண்ணாத. போன வருஷம் ஒண்ணா நின்னவங்கள்ல எத்தினி பேரு இந்த வருஷமும் ஒண்ணா நிக்கறாங்கன்னு எண்ணு. கார்னரும் கவரும் அதே ஆளா இருந்தா ஒரு டீ அதிகமாச் சொல்லு. ஏழுல அஞ்சு புது மூஞ்சின்னா, பெட்டு கிட்டுன்னு சம்பளத்தக் கொண்டுபோயி வைக்காத. வீட்டுல பொண்டாட்டி சீட்டு கட்ட வேண்டிய பணம் அது.

மொத ஆட்டம் ஜெயிச்சா விசிலடி, வாணான்னு சொல்லல. ஆனா கப்புப் பேச்ச எடுக்காத. மொத ஆட்டத்துல நாம எப்பிடி ஆடுவோம்னு 2018-லயும் 2025-லயும் பாத்துட்டோம். பத்தாவது ஆட்டத்துல, கடைசி அஞ்சு நிமிசத்துல, மூணு பாயிண்டு முன்னால கீறப்ப எப்பிடி ஆடறாங்கன்னு பாரு. எதிராளி ஆல் அவுட் பண்ண வர்றான், நம்ம பக்கம் மூணே பேரு நிக்கறாங்க. அந்த நேரத்துல மெரளாம ஒரு சூப்பர் டேக்கிள் போட்டு ரெண்டு பாயிண்டு எடுத்தா, அது அணி. இல்லன்னா அது வெறும் பனியன் மாட்டின ஏழு பேரு.

தமிழ்ப் பசங்க ஆடலன்னு கத்தறவங்களுக்குத் தனியா ஒண்ணு. ஏரி உள்வாயில தண்ணி வத்தின எடத்துல பசங்க கோடு போட்டு ஆடறாங்க. மேட்டு கெடையாது, மண்ணுதான். முழங்கால் தேய்ஞ்சி ரத்தம் வந்தா அதே மண்ண அள்ளித் தேய்ச்சிக்கறாங்க. பொங்கலுக்கு நடக்கற போட்டிக்கு டீமு சேந்தா சட்ட வாங்கித் தர ஆளில்ல. நீங்க ஒவ்வொருத்தரும் தலைவாஸு சட்டைக்குச் செலவு பண்றதுல பாதி போதும், அந்தப் பசங்க ஏழு பேருக்கும் முழங்கால் பட்டி வந்துடும். எவன் கண்டான், இன்னும் அஞ்சாறு வருஷத்துல அதுல ஒருத்தன் ஏலத்துல நின்னாலும் நிப்பான். அவன பாட்னாக்காரன் தூக்கிக்கினு போயிடுவான், அது வேற கத.

என் தீர்ப்பு இதான்: இந்த வருஷம் மொத எட்டுக்குள்ள வந்தா நல்ல வருஷம். நாலுக்குள்ள வந்தா மோளம் என் செலவு. கப்பு பத்தி செமிஃபைனல் முடிஞ்ச மறுநாள் காலையில பேசலாம், அதுக்கு முன்னாடி அந்த வார்த்தைய எடுத்தவன் அன்னிக்கு எல்லாருக்கும் டீக்காசு குடுக்கணும். அப்புறம், ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஏரி உள்வாயில ரெண்டு ஆளு கொறையுதாம். நீங்க பத்துப் பேரு கீறீங்க. வாய் பலத்துல பாதியாவது கால்ல இருந்தா, போயி நில்லுங்கடா.